மேலே குளிர், கீழே சூடு


போன டிசம்பரில் லெஸ்டரில் மகள் வீட்டில் நின்றோம். பேரனுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவன் அறை ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை. "புதுசுதான் போடணும் மாமா" என்றார் மருமகன்.

தொட்டுப் பார்த்தேன். கீழே சூடு, மேலே குளிர். வகுப்பில் நான் படிப்பிக்கிற பாடம்தான்: காற்று மேலே தேங்கினால் சுடுநீர் ஏறாது.

ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல்மூலைத் திருகைச் சின்னச் சாவியால் இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினோம். 'உஸ்' என்று காற்று போனது. தண்ணீர் கசிந்ததும் மூடினோம். பொயிலர் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் விட்டு ஏற்றினோம்.

அடிப்பக்கம் குளிர்ந்தால் அது துருச்சேறு. அதற்கு ஆள் வேண்டும். குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சுபஹுக்கு எழும்பினால், பேரன் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குகிறான். அல்ஹம்துலில்லாஹ்.