துளையின் மேல்பக்கம்

"கூரை ஒழுகினால் எல்லாரும் சிலிக்கோன் பூசிட்டுப் போவாங்க. இவர் ஓடுகளைக் கழற்றிப் பார்ப்பார்" என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் சொன்னதால் பக்கத்திலுள்ள கிள்ளானுக்குப் போனேன். இரட்டை மாடி வரிசை வீடு. எட்டு மணிக்கு முன்பே ஏணி சார்த்தியிருந்தது. வெயில் ஏறினால் கான்கிரீட் ஓடு கால் வைக்க விடாது. மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வந்துவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், கோலாலம்பூர் வட்டாரத்தில் 2,400-ஐத் தாண்டும்.

"தம்பி, ஓட்டு நடுவுல மிதிக்காதீங்க, விரிஞ்சிடும். கீழ் விளிம்புல, அடுத்த ஓட்டு மேல படிஞ்சிருக்குற இடத்துல காலை வைங்க" என்றார் கூரை பார்ப்பவர். அறுபதைக் கடந்தவர். பெயர் எழுத வேண்டாம் என்றார்.

கறை படிந்திருந்தது படுக்கையறை சீலிங்கின் மூலையில். குளியலறைக் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடமோ அங்கிருந்து பத்தடி தள்ளி. ஓட்டுக்கு அடியில் விரித்த அலுமினியத் தாளிலும் சட்டத்திலும் வழிந்து, நீர் தனக்கு வசதியான இடத்தில்தான் சொட்டும் என்றார். உதவியாளை டார்ச்சோடு சீலிங்குக்குள் அனுப்பிவிட்டு, ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டார். முதலில் துளைக்குக் கீழே, வெகுநேரம். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு பக்கவாட்டில். அதுவும் இல்லை. மேல்பக்கம் விட்டதும் உள்ளிருந்து குரல் வந்தது: "அண்ணே, வருது!" மேலிருந்து ஆரம்பித்திருந்தால் எல்லாம் நனைந்து, எங்கே ஓட்டை என்றே தெரியாமல் போயிருக்கும்.

குழாயைச் சுற்றி முன்பு யாரோ சிமெண்ட் அப்பியிருந்தார்கள். மூன்று மீட்டர் பிவிசி குழாய் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். சிமெண்ட் அதில் சிறு பங்குதான் அசையும். தினமும் வெயிலில் நீண்டு மழையில் சுருங்கும் குழாயை அது எப்படிப் பிடித்து நிற்கும்? முடி அளவு விரிசல் விழுந்தால் போதும். அதன் மேல் சிலிக்கோன் பூசியவரும் மலிவான, புளிவாடை அடிக்கும் வகையைத்தான் பூசியிருந்தார். அது சிமெண்டில் ஒட்டாது. அண்ணன் நகத்தால் நெம்பியதும் நாடாவாக உரிந்து வந்தது.

அவர் செய்வது வேறு. மேல்வரிசை ஓடுகளைத் தூக்கி, காரீயத் தகட்டின் மேல் விளிம்பை அவற்றுக்கு அடியில் ஒரு சாண் செருகுகிறார். கீழ் விளிம்பு கீழ்வரிசை ஓட்டின் மேல் வந்து படிகிறது. மீன் செதில் போல மேலிருப்பது கீழிருப்பதை மூட வேண்டும். வருகிற நீர் தகட்டில் ஏறி, குழாயைச் சுற்றி, மறுபடி ஓட்டில் இறங்கிவிடும். தண்ணீரை அடைக்கப் பார்க்காமல் வழிவிடுகிற வேலை இது. குழாயின் கழுத்தில் ரப்பர் உறை, அதன் மேல் எஃகுப் பட்டை. குழாய் உறைக்குள் ஏறி இறங்கலாம்.

தகட்டை ஓட்டின் வளைவுக்குப் படியவைக்க அவர் கையில் இருந்தது ஒரு மரக் கொட்டாப்புளி. முகம் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. அப்பாவுடையது. அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் கூரை பார்த்தவர். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாமின் ஆட்சி உத்தரவிட்டது. அதற்குச் செங்கல் சுட்ட இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ். அந்த ஊரின் ஓடுகளுக்கடியில் அப்பா கற்றதை, ஏணியைப் பிடித்தபடி மகன் கற்றார். அடி மெதுவாக விழுகிறது. வேகமாக அடித்தால் தகடு மெலிந்து கிழியும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளித் தள்ளி உலோகத்தைக் கூட்டிவர வேண்டும். அரை மணி நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடுமுன் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினார். காரீயம் விஷம். இப்போது பசை தடவிய அலுமினியப் பட்டை கிடைக்கிறது, பல வீடுகளுக்கு அதையே போடுகிறார்.

இன்றைய வேலை வீட்டுக்காரர் நேரே கொடுத்தது. வழக்கமாக அப்படி வராது. நிறுவனம் கொந்திராக்டரிடம் கொடுக்கும், அவர் மேஸ்திரியான மண்டோரிடம், மண்டோர் இவரிடம். வீட்டுக்காரர் தரும் பணத்தில் நாலில் ஒரு பங்குகூடக் கைக்கு வருவதில்லை என்றார். கூலி துளைக் கணக்கு. தகடு வாங்கக் காசு அதில் இல்லை. ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அச்சடிப்பது நிறுவனம், மறுபடி ஒழுகினால் கூலியில்லாமல் ஏறுவது இவர். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூரையில் கால் வைக்காதவர்கள் மூன்று அடுக்காகப் பங்கு பிரித்துக்கொண்டு, மிச்சத்தில் நல்ல வேலை கேட்கிறார்கள். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. அதன்படி, சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவுக்குச் சந்தாவை இவரே கட்ட வேண்டும். வேலை குறையும்போது விட்டுப்போகிறது. விழுந்தால் மண்டோர் பொறுப்பேற்க மாட்டார். பில்லில் வேலை செய்தவர் பெயரும் அவர் கூலியும் தனியே இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கினாலே பாதிப் பித்தலாட்டம் வெளியே வரும்.

ஒரு மணிக்கு முன் ஓடுகள் இடத்தில் உட்கார்ந்தன. மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தார், உள்ளே காய்ந்தே கிடந்தது. நாளை ஷா ஆலாமில் வேலை, மண்டோர் கொடுத்தது. நாலு துளை, காலைக்குள் முடிக்க வேண்டும்.

"அங்கேயும் தகடுதானே அண்ணே?"

"இல்ல தம்பி. அங்க சிலிக்கோன்தான்."