ஹாங்காங்: கைப்பேசிக்குள் ஒரு தனி அறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாங்காங்கின் சென்ட்ரல் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி வெளியே வருகிற வெளியூர்க்காரருக்கு முதலில் குழப்பம்தான் வரும். வங்கிகள், விலையுயர்ந்த கடைகள், வானளாவிய அலுவலகங்கள் என ஊரின் பணமெல்லாம் புழங்கும் இடம் இது. வார நாட்களில் கோட்டும் டையுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கும் சேட்டர் சாலையில் அன்று ஒரு கார்கூட இல்லை. சாலையின் நடுவிலேயே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வட்டம் வட்டமாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு, இருநூறு பேர் இல்லை, ஆயிரக்கணக்கில்.

சோற்று டப்பாக்கள் திறக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்கு நகப்பூச்சு போட்டுவிடுகிறார். ஒரு மூலையில் சீட்டாட்டம், இன்னொரு மூலையில் நடன ஒத்திகை. மூத்தவர்களை 'ஆத்தெ' என்று கூப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் அது 'அக்கா'.

கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அநேகமாக ஒவ்வொரு அட்டை விரிப்பிலும் ஒரு கைப்பேசி, தண்ணீர் பாட்டிலிலோ கைப்பையிலோ சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஒரு குழந்தை, அல்லது ஒரு பாட்டி. சில சமயம் ஆளே இல்லாத சமையலறை மட்டும் தெரியும். பேசிக்கொண்டிருந்தவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பார். அதற்காக யாரும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கதவு இல்லாத வீடு

இவர்கள் ஹாங்காங்கின் வீட்டுப் பணிப்பெண்கள். சுமார் 75 லட்சம் பேர் வாழும் இந்த ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். மீதியில் மிகப் பெரும்பாலோர் இந்தோனேசியப் பெண்கள். இருபதுகளில் வந்து இறங்குபவர்கள் ஏராளம். இரண்டு வருட ஒப்பந்தம். 2024 செப்டம்பரில் அரசு அறிவித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். நம் கணக்கில் அரை லட்சம் ரூபாயைத் தாண்டும். வாரத்துக்கு ஒரு முழுநாள் விடுமுறை என்பது சட்டம். அந்த ஒரு நாள்தான் இந்தச் சாலை.

மற்ற ஆறு நாட்களும் அவர்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். 2003 முதல் இது கட்டாயம். இதை எதிர்த்து ஒரு பணிப்பெண் வழக்குத் தொடுத்தார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஹாங்காங்கின் அடுக்குமாடி வீடுகளோ தீப்பெட்டி அளவு. பணிப்பெண்ணுக்குத் தனி அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். பலர் குழந்தைகளின் அறையில் கீழே படுக்கிறார்கள். கூடத்து சோபாவிலும் சமையலறை ஓரத்திலும் படுப்பவர்களும் உண்டு. அழ வேண்டுமென்றால்கூடக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும்.

தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு இல்லாதவருக்குக் கைப்பேசியின் பூட்டுதான் தாழ்ப்பாள். இரவு பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, போர்வைக்குள் திரையின் வெளிச்சம் எரியும் அந்த அரை மணி நேரம்தான் அவருடைய அறை. அதனால்தான் முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சத்தில் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு சிம் கார்டு.

தபால் ஆபீஸ் இருந்த இடம்

அந்த சிம் கார்டு வாங்கும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. சேட்டர் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மெட்ரோ நிலையத்தின் தலைக்கு மேலேயே நிற்கிறது 'வேர்ல்ட்வைட் ஹவுஸ்' என்ற கட்டடம். மேலே அலுவலகங்கள், கீழ்த்தளங்களில் நெருக்கியடித்துச் சின்னச் சின்னக் கடைகள். பிலிப்பைன்ஸ் தின்பண்டங்கள், பணம் அனுப்பும் கவுன்ட்டர்கள், கைப்பேசிகள், உறைகள், சார்ஜர்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தால் தோள் உரசாமல் நகர முடியாது.

இதே இடத்தில்தான் ஒரு காலத்தில் ஹாங்காங்கின் தலைமைத் தபால் நிலையம் இருந்தது. மெட்ரோ ரயில் வேலைக்காக 1976-ல் அந்தப் பழைய கட்டடத்தை இடித்தார்கள். கடிதங்கள் கப்பலேறப் புறப்பட்ட அதே மண்ணிலிருந்து இப்போது பணமும் குரலும் முகமும் நொடியில் கடல் தாண்டுகின்றன.

இந்தப் பெண்களின் அம்மாக்கள் காலத்தில் கடிதம் போய்ச் சேரப் பல நாளாகும். கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் ஊர்களுக்கும் அந்தக் கேசட் கதை தெரியும். பிறகு வெளிநாட்டு அழைப்புக்கான கார்டுகள் வந்தன. நிமிடத்தை எண்ணி எண்ணிப் பேசினார்கள். அதன் பிறகு குறுஞ்செய்தி. குறுஞ்செய்தியில் பிலிப்பைன்ஸ்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 2001 ஜனவரியில் அதிபர் எஸ்ட்ராடாவைப் பதவியிலிருந்து இறக்கிய மக்கள் கூட்டத்தை மணிலா வீதிக்குத் திரட்டியதில் குறுஞ்செய்திகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்த பெண்களின் கையில் வீடியோ அழைப்பு கிடைத்தால் சும்மா விடுவார்களா?

பச்சைப் புள்ளியின் பாரம்

ஹாங்காங்குக்கும் மணிலாவுக்கும் ஒரே நேரம். இங்கே ஆறு மணி என்றால் அங்கேயும் ஆறு. அதனால் ஊரில் இருக்கும் மகளை எழுப்புவது, வீட்டுப்பாடம் முடித்தாளா என்று பார்ப்பது, காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் திரையில் காட்டச் சொல்வது எல்லாம் இங்கிருந்தபடியே நடக்கிறது.

ஆனால் திரைக்கு இரண்டு பக்கம் உண்டு. இங்கிலாந்தில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும், ஊரில் விட்டுவந்த அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, மிர்கா மதியானு, டேனியல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். தாய்மார்களில் பெரும்பாலோர் 'மறுபடியும் அம்மாவாக முடிந்தது' என்ற நிம்மதியில் இருந்தார்கள். பிள்ளைகளில் பலருக்கு அந்த நிம்மதி இல்லை. பேசும் வசதி மட்டும் உறவைச் சரிசெய்துவிடவில்லை. அம்மா எந்த வயதில் விட்டுப் போனார், அதற்கு முன் இருவரும் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வந்தது.

பணத்துக்கும் இதே கதைதான். அனுப்பிய பணம் சில நிமிடங்களில் போய்ச் சேர்கிறது. அதனால் கேட்பவர்களும் நிமிடத்தில் கேட்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் 'இவள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்' என்று ஊருக்கே தெரிந்துவிடும். தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம், மாமாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கூரைக்குத் தகரம் என்று செய்திகள் வந்து விழும். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் அதுவும் தெரியும். கடிதக் காலத்தில் 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

அதே திரை வழியே ஏமாற்றுக்காரர்களும் வருகிறார்கள். கனடாவில் வேலை, இங்கிலாந்தில் வேலை என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது இங்கே பழகிப்போன மோசடி. ஒப்பந்தம் முடிந்தால் அல்லது முறிந்தால் இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற விதி 1987-லிருந்து இருக்கிறது. அடுத்த வாரம் எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்கு வேறு நாட்டு வேலை என்ற சொல்லே ஆசை காட்டும்.

விக்டோரியா பூங்காவில்

சென்ட்ரலிலிருந்து மூன்று நிறுத்தம் கிழக்கே போனால் காஸ்வே பே. அங்கேயுள்ள விக்டோரியா பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை இந்தோனேசியாவின் முறை. தலையில் முக்காடு அணிந்த பெண்கள் புல்வெளி ஓரங்களில் கூடுகிறார்கள். இங்கே அக்காவுக்குப் பெயர் 'ம்பாக்'. வேலைக்கு வருவதற்கு ஏஜென்சிக்குப் பட்ட கடனை அடைக்கவே பல மாதச் சம்பளம் போய்விடுகிறவர்கள் இவர்களில் நிறைய.

எல்லா முதலாளிகளும் ஒரே மாதிரி இல்லை. பணிப்பெண்ணின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும் வீடுகளும் உண்டு. வேலை நேரத்தில் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டி, இரவில் மட்டும் கொடுக்கும் வீடுகளும் உண்டு. முழுதாகப் பிடுங்கிக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது.

கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த எர்வியானா சுலிஸ்தியானிங்சி 2013-ல் இங்கே வேலைக்கு வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். சுமார் எட்டு மாதம் அடி உதை. விடுமுறை நாள் என்பதே இல்லை. 2014 ஜனவரியில், நடக்கக்கூடத் திணறிய நிலையில் ஊருக்கு அனுப்பப்பட்டார். காயங்களோடு இருந்த அவருடைய படங்கள் இணையத்தில் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவின. சில நாட்களில் ஆயிரக்கணக்கான பணிப்பெண்கள் ஹாங்காங் வீதிகளில் ஊர்வலமாகப் போனார்கள். வழக்கு நடந்தது, எர்வியானா திரும்பி வந்து சாட்சி சொன்னார். 2015-ல் அவருடைய முதலாளியம்மாவுக்கு ஆறு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் எர்வியானா இடம்பெற்றிருந்தார்.

அன்றிலிருந்து பணிப்பெண்களின் குழுக்களில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று: சம்பள ரசீதைப் படம் எடுத்து வை, ஒப்பந்தத்தைப் படம் எடுத்து வை, அடிபட்டால் காயத்தைப் படம் எடுத்து நம்பிக்கையானவருக்கு உடனே அனுப்பி வை.

திரையில் தெரிந்த இன்னொரு முகம்

கைப்பேசியும் இணையமும் துக்கத்துக்கு மட்டும் துணை இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்து 19 வயதில் ஹாங்காங்குக்கு வந்தவர் சைசா குரூஸ் பகானி. அவருடைய அம்மா ஏற்கெனவே வேலை செய்த வீட்டிலேயே இவரும் சேர்ந்தார். முதலாளியிடம் கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கினார். விடுமுறை நாட்களில் தெருத்தெருவாகச் சுற்றி, கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். அதை ஒரு மூத்த புகைப்படக்காரர் பார்த்து நாலு பேரிடம் சொல்ல, 2014-ல் 'நியூயார்க் டைம்ஸ்' அவரைப் பற்றி எழுதியது. அடுத்த வருடம் மேக்னம் அறக்கட்டளையின் உதவித்தொகையோடு நியூயார்க்குக்குப் போனார். இன்று அவர் உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர்.

எல்லோரும் பகானி ஆக முடியாது. ஆனால் சேட்டர் சாலையில் ஜிகினா உடையும் கிரீடமுமாக அழகிப் போட்டிக்கு நடை பழகும் பெண்ணை, தோழி ஒருத்தி கைப்பேசியில் நேரலையாக ஊருக்குக் காட்டுகிறார். அங்கே அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஆறு நாளும் தரை துடைக்கும் பெண்ணை ஊர் அன்று அந்தக் கோலத்தில் பார்க்கிறது. துடைப்பத்தோடு நிற்கும் படத்தை யாரும் ஊருக்கு அனுப்புவதில்லை.

2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது, விடுமுறை நாளிலும் வீட்டிலேயே இருக்கும்படி பணிப்பெண்களை அரசின் தொழிலாளர் துறை கேட்டுக்கொண்டது. பிறகு கூட்டம் கூடவும் கட்டுப்பாடு வந்தது. வேலை செய்யும் வீட்டிலேயே விடுமுறை என்றால் அது விடுமுறையா? அந்த நாட்களில் 'ஆத்தெ'க்களின் வட்டங்கள் கைப்பேசிக் குழுக்களுக்குள் குடிபுகுந்தன. ஆனாலும் தடை தளர்ந்ததும் எல்லோரும் முதலில் ஓடி வந்தது இந்தச் சாலைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவதைக் கைப்பேசி தராது.

மாலை மங்கியதும் அட்டைகள் மடிகின்றன. குப்பைகளைப் பொறுக்கிப் பையில் கட்டுகிறார்கள். பல வீடுகளில் ஒன்பது மணிக்குள் திரும்பியாக வேண்டும். மெட்ரோவில் நின்றபடியே பகலில் எடுத்த படங்களில் நல்லதாகப் பொறுக்கி ஊருக்கு அனுப்புகிறார்கள். லிஃப்டில் ஏறும்போது கைப்பேசியின் சத்தத்தை அணைத்துவிட்டு, முதலாளி வீட்டு மணியை அழுத்துகிறார்கள்.

படுக்கும் முன் இரண்டு அலாரம். ஐந்தரைக்கு ஒன்று; முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் காலை உணவு செய்து பள்ளிக்கு அனுப்ப. ஐந்தே முக்காலுக்கு இன்னொன்று; கடலுக்கு அப்பால் தூங்கும் தன் பிள்ளையைக் கூப்பிட்டு எழுப்ப.