கர்வைப் பார்க்காதவர்கள்

‘மெஷினே ரிசல்ட் குடுத்துருச்சு. சார் இன்னும் என்னத்தப் பாக்காரு?’

ஓய்வை நெருங்கிவிட்ட ஒரு ரேடியாலஜிஸ்ட், மாணவர் ஒருவர் தம் முதுகுக்குப் பின்னால் சொன்ன இந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பக்கவாதப் படம் என்று வாயெடுத்தாலே, எதிரில் இருப்பவரும் சிடி அறையில் வளர்ந்தவர் என்ற நினைப்பில் தொடங்கிவிடுவார்: “டி-மேக்ஸ் 6 வினாடியைத் தாண்டினால் பச்சை. ரத்த ஓட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரோஸ். பச்சையில் ரோஸ் போக மிச்சம் காப்பாற்றக்கூடியது. இதில் என்ன இருக்கிறது?”

பக்கவாதம் வந்தவரின் மூளை ஸ்கேனில் ரத்தம் தாமதமாக வந்து சேரும் இடத்துக்குப் பச்சை, ஏற்கெனவே செத்ததாகக் கணக்கிடும் இடத்துக்கு ரோஸ் என்று வண்ணம் பூசித் தருவது ஒரு மென்பொருள். அதன் மீது அவருக்குப் பகை இல்லை; அதன் அருமை தெரிந்தவர். சம்சாரி ராத்திரி நன்றாகத்தான் படுப்பார். விடியும்போது வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து கிடப்பார். எத்தனை மணிக்கு அடித்தது என்று எந்த வீட்டில் தெரியும்? ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான். முன்பெல்லாம் இவர்களைப் பார்த்துக் கையைப் பிசைவதோடு சரி. ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘ரேபிட்’ மென்பொருளைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்த டான், டிஃபியூஸ்-3 ஆய்வுகள் 2018-இல் இதழில் அச்சானபோதுதான் நிலைமை மாறியது. டான் ஆய்வில், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் குழாய் செலுத்தி அடைப்பு எடுக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் 90 நாளில் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம்தான்.

அவருடைய மல்லுக்கட்டெல்லாம் கர்வோடு, அதாவது வண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் வளைகோட்டோடு. ஸ்கேனுக்காகக் கையில் ஏற்றிய சாய மருந்து மூளையின் தமனியில் ஏறி இறங்குவதற்கு ஒரு கோடு, சிரையில் ஏறி இறங்குவதற்கு ஒரு கோடு. எல்லா வண்ணமும் அந்தக் கோடுகளிலிருந்துதான் வருகிறது. படம் எடுப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். இதயம் தளர்ந்தவருக்கு மருந்து சாவகாசமாக வந்து சேரும். சிரைக் கோடு இறங்குமுன் ஸ்கேன் முடிந்துவிடும். அப்படி வால் அறுந்த கோட்டுக்கும் மில்லி கணக்கில் ஓர் எண் வந்து விழும்.

இன்னொரு வில்லங்கம், அந்த மருந்தை ஏற்றக் கையில் குத்தும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய். சின்ன ஆஸ்பத்திரியில் புறங்கையில் குத்திய, ஒடுக்கமான ரோஸ் நிற வென்ஃப்ளானோடு ஆள் வருவார். வினாடிக்கு 5 மில்லி வேகத்துக்கு அதை நம்ப முடியாது. முழங்கை மடிப்பில் அகலமான பச்சை நிற வென்ஃப்ளான் வேண்டும். கழுத்துத் தமனியில் பழைய சுருக்கம் இருந்தாலோ, புது அடைப்பே இல்லாத இடமும் படத்தில் பச்சையாகும்.

இதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் வண்ணப்படம் மட்டும் போகிறது. மருந்து ஏற்றாத பிளெயின் சிடியில் சேதத்தை அளக்கும் ஆஸ்பெக்ட்ஸ் மார்க் போடச் சொன்னால் முழிக்கிறார்கள். மூளைத்தண்டில் சின்ன அடைப்பு இருக்கும். மென்பொருள் சைபர் காட்டியதும் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள். ரோஸ் கூடுதல் என்று சிகிச்சையை மறுக்கிறார்கள். பக்கவாதம் அடித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மென்பொருள் அந்த ரோஸை மிகையாகக் காட்டக்கூடும். போதாததற்கு, பெரிய சேதத்திலும் அடைப்பை எடுப்பது பலன் தரும் என்று 2022-இல் ஜப்பான் ஆய்வு சொல்லிவிட்டது.

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கமிருந்து ஆள் அனுப்பும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவர் வேண்டுகோள் இரண்டுதான்: வலது முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் போட்டு அனுப்புங்கள், நோயாளியைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்தை வீட்டாரிடம் கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்.