வாகரைச் சடங்கிலே

வள்ளியம்மை திருமணத்தைப் பலமுறை வகுப்பிலே விளக்கியிருக்கின்றோம். வேடர் குலத்து மகளை முருகப்பெருமான் நாடி வந்த கதையை உருக்கமாகச் சொல்லிய அதே வாயினால், குறும்பு செய்த ஒரு மாணவனை, “காட்டு வேடன் போல ஏனடா குதிக்கிறாய்?” என்று ஒருநாள் கண்டித்தோம். வகுப்புச் சிரித்தது. கடைசி வாங்கிலிருந்த ஒரு பையன் மாத்திரம் தலை குனிந்திருந்தான். காரணம் அறிய எமக்கு 12 ஆண்டுகள் சென்றன.

சென்ற ஆண்டு அவனே வீடு தேடி வந்து, வாகரைப் பக்கத்திலுள்ள தன் ஊர்ச் சடங்குக்கு எம்மை அழைத்தான். “நாங்க வேடர்தான், சேர்,” என்றான். குரலிலே குற்றச்சாட்டு இல்லை; அதுவே எம்மை அதிகம் வருத்திற்று.

வாகரை முதல் மூதூர் வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். மீன்பிடித்தும், சேனை செய்தும், தேனெடுத்தும் பிழைப்பவர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் இக்கரையோர வேடருக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. எம்போன்றோருக்கோ வேடர் என்றால் மகியங்கனைக் காடும் கையில் வில்லுந்தான்! 2004இல் கடற்கோளும், அடுத்துப் போரும் இக்கரையைப் புரட்டிப் போட்டன. இடம்பெயர்ந்து மீண்டபோது, தம் வீட்டுக் கூரைக்கு முன்னரே சடங்குப் பந்தலை எழுப்பியதாக அவ்வூரார் ஒருவர் கூறினார்.

கோபுரமில்லை, விக்கிரகமில்லை. குருத்தோலை தொங்கும் பந்தலிலே குமார தெய்வத்துக்கு மடை வைத்திருந்தனர்: வெற்றிலை, பழம், கமுகம்பாளை, தேன். பறை முழங்கக் கட்டாடியார் ஆடினார். பாடல் தமிழே, ஆயினும் இடையிடையே வந்த சொற்கள் எமது பட்டதாரித் தமிழுக்கு எட்டவில்லை. எங்கே நிற்பது, எப்போது கும்பிடுவது என்று தெரியாமல் விழித்தோம். முதியவர் ஒருவர், ஒரு பெண்மணி, தம் பாயிலே சற்று நகர்ந்து, “இதில இருங்க மாஸ்டர். சாமி வரக்குள்ள எழும்பலாம்,” என்றார். சாமி வந்தது. எல்லோருக்கும் போலவே எம் தலையிலும் பாளைப்பூ உதிர்ந்தது.

நள்ளிரவு கடந்து, தேன் விட்ட பொங்கலை எல்லோரோடும் உண்டோம். அப்போதுதான் துணிவு வந்தது.

“தம்பி, அன்றொரு நாள் வகுப்பிலே...” என்று தொடங்கினோம்.

“எனக்கு அது ஞாபகமில்லை, சேர்,” என்றான் உடனே.

எந்த நாள் என்று நாம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சற்றுநேரம் பேசாதிருந்தவன், உறக்கம் கலைந்து சிணுங்கிய தன் மகளை எம் மடியில் இருத்திவிட்டு, அடுத்த முறைக்குப் பறையடிக்க எழுந்து போனான்.