எனேபிள் பண்ணினா ஏன் எச்சரிக்கை வருது?

தலவாக்கலை டவுனுக்குப் பக்கத்திலேயே மேல் கொத்மலை அணைக்கட்டு. 150 மெகாவாட் திட்டம். ஆனாலும் மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சா தோட்டத்துல கரண்ட் போயிடும். அதனால எங்க வாசிகசாலையில இருக்கிற பழைய கொம்பியூட்டர், கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே எழும்பி கிவிக்ஸை ஓட்டணும். இன்டர்நெட் இல்லாமலே தமிழ் விக்கிபீடியாவை வைஃபை வழியா போன்களுக்குக் கொடுக்கிற மென்பொருள் அது. டேட்டா போடக் காசில்லாத உயர்தரப் பிள்ளைகள் அதை நம்பித்தான் வர்றாங்க.

லினக்ஸில் இப்படிப் பின்னணியில் ஓடுவதை சேர்விஸ் என்பார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அதைக் கவனிப்பது 2010இல் வந்த சிஸ்டம்டி. நண்பர் ஒருவர் எழுதி அனுப்பிய சேர்விஸ் ஃபைலைப் போட்டு 'ஸ்டார்ட்' கொடுத்தோம், ஓடியது. 'எனேபிள்' கொடுத்தோம், திரை நிறைய ஆங்கிலம்.

கலைப்பீடத்துக்காரர்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே, வாசித்தோம். அந்தச் செய்தி எதுவும் பழுது என்று சொல்லவில்லை. 'இதை எதோடு சேர்த்து எழுப்புவது என்று ஃபைலில் எழுதவில்லை' என்பதுதான் சாரம். ஏன் அப்படி இருக்கலாம் என்று காரணங்களும் அதிலேயே இருக்கு: வேறொரு சேர்விஸ் இதைக் கூப்பிடலாம், டைமர் ஒன்று எழுப்பலாம், இப்படி.

ஸ்டார்ட் என்பது இப்போதே ஓடு. எனேபிள் என்பது அடுத்த முறை மெஷின் எழும்பும்போது ஓடு. அதற்காக அது செய்வது ஒரு குறுக்கு இணைப்பு போடுவது மட்டும்தான். எங்கே போடுவது என்பதை ஃபைலின் 'இன்ஸ்டால்' பகுதியில் உள்ள 'வாண்டட்பை' வரி சொல்லும். வாண்டட்பை, அதாவது யாருக்கு இது வேணும்? எங்கள் ஃபைலில் அந்தப் பகுதியே இல்லை. யாரும் கேட்காத சேர்விஸை யார் எழுப்புவது!

பகுதியைச் சேர்த்து 'மல்டி-யூசர் டார்கெட்' என்று எழுதினோம். 'டீமன்-ரீலோட்' கொடுத்துவிட்டு மறுபடி எனேபிள். இணைப்பு உருவானதாக ஒரே வரி வந்தது. ரீபூட் செய்தும் பார்த்தோம், கிவிக்ஸ் தானாக வந்தது.

பழைய மாதிரி ஸ்கிரிப்ட் உள்ள சேர்விஸ்களில் 'சின்க்ரனைசிங் ஸ்டேட்' என்று ஒரு வரி வரும். அது வெறும் தகவல், பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் லினக்ஸ் கையில் இல்லை. கரண்ட் வந்ததும் மெஷினே ஆன் ஆக பயாஸில் ஒரு அமைப்பு வேணும். ஒவ்வொரு போர்டிலும் அதுக்கு ஒவ்வொரு பேர், தேடிப் பிடிங்க.