அந்திமந்தாரையும் கால் பங்கும்

பத்தாம் வகுப்பிலிருந்தே மெண்டலின் பட்டாணியைப் படித்துப் படித்து நமக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நெட்டையையும் குட்டையையும் கலந்தால் பிள்ளை நெட்டை. ஓங்கு பண்பு ஜெயிக்கும், ஒடுங்கு பண்பு ஒளிந்துகொள்ளும். அடுத்த தலைமுறையில் 3:1. மார்க் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

அந்திமந்தாரை இந்தக் கணக்குக்கு அடங்காது. நம் கொல்லையில் தானாக முளைத்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பூத்து, மிளகு மாதிரி கறுப்பு விதை போடுமே, அதேதான். 1900-ல் மெண்டலை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் காரென்ஸ், இதன் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து பார்த்தார். பிள்ளைகள் இளஞ்சிவப்பு!

இதைப் பார்த்தால் பெயிண்ட் கலந்த மாதிரி இல்லையா? அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அப்படிக் கலந்துவிடும் என்றால் எந்த நல்ல மாற்றமும் சில தலைமுறையில் கரைந்து போய்விடுமே என்று 1867-ல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற இன்ஜினியர் டார்வினை மடக்கினார். (பயாலஜியில் இன்ஜினியர் கேட்ட மிகச் சிறந்த கேள்வி இதுதான் என்பது என் கட்சி.) பதில் அந்திமந்தாரையிலேயே இருக்கிறது. இரண்டு இளஞ்சிவப்பைக் கலந்தால் 1 சிவப்பு, 2 இளஞ்சிவப்பு, 1 வெள்ளை. பெயிண்ட் கரைந்திருந்தால் பளீரென்ற வெள்ளை எங்கிருந்து திரும்பி வரும்? கலந்தது நிறம் மட்டும்தான், ஜீன் கலக்கவே இல்லை. நிறமி செய்யும் ஜீன் இரண்டுக்குப் பதில் ஒன்றே வேலை செய்தால் நிறம் குறைகிறது, அவ்வளவுதான்.

சரி, 1:2:1 என்றால் நாலு விதையில் அப்படியே வருமா? ரெண்டு காசை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டும் தலை என்றால் சிவப்பு, ரெண்டும் பூ என்றால் வெள்ளை, மாறி விழுந்தால் இளஞ்சிவப்பு. நாலு முறை சுண்டினால் ஒரு குடும்பம். நான் பத்துக் குடும்பம் சுண்டியதில் ஒன்றில்தான் சரியாக 1:2:1 வந்தது. கணக்குப் போட்டாலும் 16-க்கு 3 வாய்ப்புதான். நாலு விதையில் ஒரு சிவப்புகூட வராமலிருக்க 256-க்கு 81, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு!

பூவுக்கு இது விளையாட்டு. கதிர் அரிவாள் செல் சோகைக்கு விளையாட்டில்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த ஜீன் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் எழுதினார்கள். ஒரு ஜீன் மட்டும் இருப்பவர் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார். ஆனால் ஆக்சிஜனைக் குறைத்தால் அவருடைய சிவப்பணுவும் வளையும். நம் இளஞ்சிவப்புப் பூ மாதிரி நடுவில் நிற்பவர். அப்பா, அம்மா இருவருமே அப்படி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-ல் 1 வாய்ப்பு.

"முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று இதைப் புரிந்துகொள்வது எவ்வளவு ஆபத்து பாருங்கள். காசுக்கு ஞாபகம் கிடையாது. இரண்டாவதுக்கும் அதே கால் பங்குதான், மூன்றாவதுக்கும் அதேதான். இருவரில் ஒருவருக்கு அந்த ஜீன் இல்லவே இல்லையென்றால் எந்தக் குழந்தைக்கும் இந்தச் சோகை வராது. பாதி வாய்ப்பில் அந்த ஒரு ஜீன் மட்டும் போய்ச் சேரும். யார் எந்தப் பக்கம் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.