கத்திரி வெயிலில் கம்பளி!

காலை எட்டேகால் மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறிப் பாருங்கள். எதிரில் நிற்பவர் முதல் நாள் ராத்திரி பூண்டுக் குழம்பு சாப்பிட்டாரா, வெங்காய ஊத்தப்பமா என்பதை அவர் வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம். மேலே கம்பியைப் பிடிக்க ஒரு கை. அந்தக் கைக்குக் கீழே, சரியாக இன்னொருத்தர் மூக்கு. அந்த மூக்குக்குச் சொந்தக்காரரும் ஒரு கையைத் தூக்கியிருப்பார். இப்படி ஒரு சங்கிலி!

1931-லிருந்து இந்த மார்க்கத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. 2004-ல் மீட்டர்கேஜ் போய் அகலப் பாதை வந்தது. பெட்டி அகலமாயிற்றே தவிர, கை தூக்குவது நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் ஏ.சி. வண்டி விட்டார்கள். நமக்கு வாய்க்கிற நேரத்தில் அது வராது. வந்தாலும் மாதக் கடைசியில் டிக்கெட் எடுக்க மனசு வராது.

நான் கிண்டியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் ஏப்ரலில் ஒரு நாள், என் மேஜை மேல் ஒரு சின்ன ரோல்-ஆன் சென்ட் பாட்டில் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. சீட்டு கீட்டு எதுவும் இல்லை. 'யாரோ மறந்து வெச்சுட்டாங்க போல' என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, சிரித்தும் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மேனேஜர் என் நாற்காலியை ஜெராக்ஸ் மெஷின் பக்கம் மாற்றினார். "அங்க காத்து நல்லா வரும் தம்பி" என்றார். ஏ.சி. ஆபீஸில் என்ன காத்து? பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டையை நானே மோந்து பார்த்தேன். அழுகை வந்தது. இருபத்தேழு வயசில் இதற்கெல்லாம் அழலாமா என்று கேட்காதீர்கள். உங்கள் மேஜை மேல் பாட்டில் இருந்திருக்காது.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு வேளை குளித்தேன். படிகாரம் தேய்த்தேன். அரை டப்பா பவுடர் போட்டதில் வேர்வையோடு சேர்ந்து அக்குளில் களிமண் ஆனதுதான் மிச்சம்.

மே மாதம் மெல்போர்னிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா பெட்டியைத் திறந்து சாம்பல் நிறத்தில் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினார். "மாப்ளே, இது உனக்கு. மெரினோ."

"மெரினோன்னா?"

"கம்பளிடா. ஆட்டு ரோமம்."

வெளியே கத்திரி வெயில். அம்மா டி-ஷர்ட்டை வாங்கி, பழைய குரங்குக் குல்லாவோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைக்கப் போனாள். "ஊட்டிக்குப் போறப்போ போட்டுக்கட்டும் மாப்பிள்ளை."

"ஐயோ அத்தை! இது வெயிலுக்கும் போடறது" என்று மாமா குறுக்கே பாய்ந்தார். அவர் அங்கே தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். அன்று ராத்திரி மொட்டை மாடியில் எனக்குத் தனியாக வகுப்பு எடுத்தார். (அக்காவிடம் ஜெராக்ஸ் மெஷின் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் வாய் நிற்குமா?)

சாதாரணக் கம்பளி ஏன் உறுத்துகிறது? இழை தடிமன். அதன் முனை தோலைக் குத்துகிறது. மெரினோ ஆட்டின் இழை ரொம்ப மெல்லிசு. டி-ஷர்ட்டுக்கு எடுப்பது சுமார் 18 மைக்ரான். நம் தலைமுடி அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். அதனால் இந்த இழை குத்தாமல் வளைந்துகொடுக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. பாலியஸ்டர் இழையோ உள்ளே ஒரு சதவிகிதம் கூட வாங்காது. வேர்வை அதன் மேலேயே பிசுபிசுவென்று நிற்கும்.

"வேர்வைக்கு வாசனையே கிடையாது மாப்ளே. அதைத் தின்ற பாக்டீரியா பண்ற வேலைதான் நாத்தம். அந்த நாத்தத்தைக் கம்பளி இழை உள்ள இழுத்து வெச்சுக்கும். துவைச்சா விட்டுடும். நீ போடற இஸ்திரி கலையாத சட்டை இருக்கே, அது எண்ணெய்ப் பிசுக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். எத்தனை தடவை துவைச்சாலும் அடுத்த நாள் உடம்புச் சூடு பட்டதும் பழைய நாத்தம் கிளம்பும்."

ஆக, குற்றவாளி நான் மட்டும் இல்லை. பாதிக் குற்றம் தீபாவளித் தள்ளுபடியில் ஆசைப்பட்டு வாங்கிய ஐந்து சட்டைகள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரி பக்கம் காட்டுப்பாக்கம் என்று ஒரு ஊர். அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்து ஆடான 'சென்னை சிவப்பு' அங்கே வளர்கிறது. செம்பழுப்பு நிறம். உடம்பில் கம்பளியே கிடையாது, வெறும் குட்டை முடிதான். நம் ஊர் ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது, இந்த வெயிலில் என்ன உடுத்துவது என்று! கம்பளி ஆடு வேண்டுமானால் மலை ஏற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீலகிரியில் டாஸ்மேனியா மெரினோவை உள்ளூர் ஆட்டோடு கலந்திருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் நீலகிரி ஆடு. 1965-ல் ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் பண்ணை ஆரம்பித்து, அதிலிருந்து 'சாண்டினோ' என்று ஓர் இனம் உண்டாக்கினார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையில் 'பாரத் மெரினோ' மேய்கிறது. ஹனிமூன் ஜோடிகள் போய் ஆட்டோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்னும் அந்த பாக்கியம் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சரி, பரிசோதனைக்கு வருவோம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் துவைக்காமல் அதே டி-ஷர்ட். ராத்திரி மாடிக் கொடியில் காற்றாட விடுவது. நடுவர், என் ரயில் சிநேகிதன். பல்லாவரத்தில் ஏறுகிறவன், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவன்.

வண்டி கிளம்பியதும் முதலில் சானடோரியம். நல்ல காற்று இருக்கிற இடம் என்று தேடி, 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் ஆஸ்பத்திரி கட்டிய ஊர். அங்கே வண்டி நிற்கும்போது எங்கள் பெட்டிக்குள் இருந்த காற்றை அவர் பார்த்திருக்க வேண்டும்! அடுத்தது குரோம்பேட்டை. குரோம் லெதர் என்ற தோல் கம்பெனியால் வந்த பேர். தோல் பதனிடுகிற நாற்றம் போய் ரொம்ப காலம் ஆகிறது, பேர் மட்டும் மிச்சம். ஒரு நாற்றம் ஓர் ஊருக்கே பேர் வைத்துவிட்டது என்றால், ஆபீஸில் எனக்கு என்ன பேர் வைத்திருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே பல்லாவரம் வந்தேன்.

முதல் நாள் சிநேகிதன் குனிந்து மோந்தான். "ஒண்ணும் இல்லடா." இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் இரண்டு தடவை மோந்துவிட்டு, "லேசா மழையில நனைஞ்ச ஆடு மாதிரி இருக்கு. ஆனா உன் வாசனை இல்லை" என்றான். 'உன் வாசனை' என்று அவன் சொன்னது சுருக்கென்றது. மூன்று வருஷமாகப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறான், பாவி.

இது மந்திரச் சட்டை என்று நினைத்துவிடாதீர்கள். மே மாதப் பிளாட்பாரத்தில் எதைப் போட்டாலும் வேர்க்கும். காற்றே ஈரமாக இருக்கும்போது வேர்வை எங்கே போய் ஆவியாகும்? விலையும் கொள்ளை. இழை மெலிசு என்பதால் ஷோல்டர் பை உரசுகிற இடத்தில் பிசிறு திரளும். எனக்குப் பிடித்தது வேறு. கிண்டியில் இறங்கி ஆபீஸ் ஏ.சி.க்குள் நுழைந்ததும், நனைந்த பனியன் முதுகில் ஜில்லென்று ஒட்டுமே, அது இல்லை. டி-ஷர்ட்டோடு ரயில் பயணம், ஆபீஸ் பாத்ரூமில் அதன் மேலேயே முழுக்கைச் சட்டை. இதுதான் என் ஏற்பாடு.

நாலாம் நாள் வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கொடியில் டி-ஷர்ட் இல்லை. ஒரு பொம்மைச் சட்டை தொங்கியது.

"மூணு நாளா அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறியேன்னு துவைச்சேன்டா" என்றாள் அம்மா. வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, துவைக்கிற கல்லில் நாலு அடி. வேறென்ன வேண்டும்? கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் உண்டு. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. அக்கா பையனுக்கு ஆறு வயசு. அவனுக்குக் கச்சிதமாக இருந்தது.

கோபத்தில் கத்தினேன். அப்போதுதான் ஜெராக்ஸ் மெஷின் கதை வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் குட்டிச் சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை நாள். பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடுகிற சந்தை. ரோஜாச் செடி, பழைய ஃபேன், லவ் பேர்ட்ஸ், உடைந்த டி.வி., கதவு, ஜன்னல் எல்லாம் கிடைக்கும். ஆபீஸில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பழைய துணிக் குவியல்களைக் கிளறினேன். ஏழாவது குவியலில் நீல நிறத்தில் ஒன்று அகப்பட்டது. கழுத்துப் பட்டியில் மெரினோ என்று போட்டிருந்தது. லேபிளை நம்பலாமா? மாமா ஒரு வித்தை சொல்லியிருந்தார். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன்.

"யோவ்! இன்னாய்யா கடையைக் கொளுத்தறே?" என்று கடைக்கார அம்மா எழுந்துவிட்டார்.

"நூல் டெஸ்டும்மா..."

பாலியஸ்டராக இருந்தால் உருகி, கெட்டியான மணி மாதிரி உருண்டையாகும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். இது முடி பொசுங்குகிற நாற்றம் அடித்து, தானே அணைந்தது. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பளியேதான்! அடிப்பக்கம் பூச்சி அரித்த இரண்டு ஓட்டை. நூற்றைம்பது சொன்னார். ஓட்டையைக் காட்டி எண்பதுக்கு முடித்தேன். "கொளுத்தின நூலுக்கும் சேர்த்துக் குடு" என்று ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

அம்மா அந்த ஓட்டைகளை நீல நூலால் தைத்தாள். துவைக்கும் இலாகாவையும் அவளே எடுத்துக்கொண்டாள். இப்போது இதில் எனக்கே பாடம் எடுப்பாள். மத்தியானம் குழாயைத் திறக்கக் கூடாது. மொட்டை மாடி டேங்க்கில் தண்ணீர் கொதிக்கும். விடியற்காலையில் பிடித்த தண்ணீர்தான் சரி. சோப்புத் தூள் வேண்டாம். கறை நீக்க அதில் போடுகிற என்சைம் கம்பளியையே தின்னும். கம்பளிக்கென்று விற்கிற லிக்விட், இல்லையென்றால் அரை மூடி ஷாம்பு. எப்படியும் இது முடிதானே! பிளீச்சிங் பக்கம் போகவே கூடாது, சட்டை கரைந்தே போய்விடும். அடிக்காமல், முறுக்காமல், அமுக்கி அலச வேண்டும். பிறகு ஒரு துண்டில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, மேலே அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு நிழலில் தட்டையாகப் பரப்ப வேண்டும். கொடியில் ஈரத்தோடு தொங்கவிட்டால் நீண்டு நைட்டி ஆகிவிடும். எடுத்து வைக்கும்போது துவைத்துக் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட வேண்டும். வேர்வைக் கறை என்றால் அந்தப் பூச்சிக்கு அல்வா. சில சட்டைகளில் மெஷினில் போடலாம் என்று லேபிளிலேயே இருக்கும். அதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்பப் போவதும் இல்லை.

ஜூலையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஏ.சி. ஒழுக ஆரம்பித்தது. நாற்காலியைப் பழைய இடத்துக்கே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். டி-ஷர்ட்டினாலா, ஒழுகலினாலா என்று நான் கேட்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மணி தன் நாற்காலியை நகர்த்தவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளி, "மாங்கா ஊறுகாய் எடுத்துக்கங்க சார்" என்றார். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். ரோல்-ஆன் பாட்டில் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லாம் அம்மா பக்கெட்டோடு வந்து எழுப்புகிறாள்.

"எழுந்திருடா. டேங்க் சூடாகறதுக்குள்ள ஆட்டைக் குளிப்பாட்டணும்!"